நுவரெலியாவில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் டீசல் வான்: மட்டக்களப்பிலேயே பார்க்க வேண்டியவை

கல்லடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் டொயோட்டாவின் 3எல் என்ற டீசல் எஞ்சின் பூட்டிய டொல்பின் வான் (பழைய ஹைஏஸ்) இருக்கிறது. மட்டக்களப்பில் திறப்பைத் திருப்பியவுடன் எஞ்சின் பிடித்துவிடுகிறது. ஹயர் ஒன்றுக்கு நுவரெலியா போய் ஓர் இரவு தங்கியபோது மட்டும், விடியற்காலையில் எவ்வளவு முயன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. வெயில் ஏறிய பிறகு ஆட்களை இறக்கித் தள்ளித்தான் எடுத்திருக்கிறார். ஒருவர் எஞ்சின் ஒயிலை மாற்றச் சொல்கிறாராம், இன்னொருவர் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்கிறாராம், வேறொருவர் புதுப் பற்றரி வாங்கச் சொல்கிறாராம். தை மாதம் மறுபடியும் போகவிருக்கிறார். எதைச் செய்வது என்பது கேள்வி.

தம்பி, உங்கள் வானை நுவரெலியாக் குளிர் பழுதாக்கவில்லை. மட்டக்களப்பிலேயே அதில் குறை இருந்திருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் அது வெளியே தெரியவில்லை. மாரி கொட்டும் மார்கழி, தை மாதங்களில்கூட இங்கே விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 22, 23 பாகை செல்சியஸ் இருக்கும். அந்த நிலையில் பாதி உயிரோடு இருக்கும் பற்றரியும், இரண்டு ஹீட்டர் பிளக் செத்துப்போன எஞ்சினும்கூடச் சமாளித்துவிடும். நுவரெலியாவில் அதே மாதங்களில் இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவது சாதாரணம். சில நாட்களில் புல்வெளியில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். அங்கே போய் நின்றுகொண்டு பழுது தேடுவது கடினம். ஆகவே வேலை முழுவதையும் புறப்படுவதற்கு முன்னால் ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை நெருக்கியே சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சி எரிய வைக்கிறது. 3எல் எஞ்சினில் காற்று ஏறத்தாழ 22இல் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. ஆனால் இந்த எஞ்சினில் டீசல் நேரடியாகப் பிஸ்டனின் மேல் விழுவதில்லை. சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் சிறிய அறையில்தான் பீச்சப்படுகிறது. அந்த அறையின் சுவர் குளிர்ந்து கிடந்தால், நெருக்கிப் பெற்ற சூட்டை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அறை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருப்பது இதற்காகத்தான்.

சூட்டுக்கு அடுத்தது வேகம். ஸ்டார்ட்டர் எஞ்சினை மெதுவாகச் சுற்றினால், நெருக்கிய காற்று பிஸ்டன் ரிங்குகளின் ஓரமாகக் கசிய நேரம் கிடைக்கிறது, சூடு உலோகத்துக்குள் இறங்கவும் நேரம் கிடைக்கிறது. அக்கரைப்பற்று, சம்மாந்துறை வயல்களில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமுக்கத்தை விடுவிக்கும் லீவரைப் பிடித்துக்கொண்டு பிடியை வேகமாகச் சுற்றுவார்கள். நல்ல வேகம் வந்த பிறகே லீவரை விடுவார்கள். வேகமில்லாமல் விட்டால் எஞ்சின் ஒரு முறை முனகிவிட்டு நின்றுபோகும். உங்கள் வானில் அந்தக் கையின் வேலையைப் பற்றரியும் ஸ்டார்ட்டரும் செய்கின்றன.

குளிரோடு உயரமும் சேர்ந்துகொள்வதை நம்மவர்கள் பெரும்பாலும் நினைப்பதில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு என்பதால் நெருக்கும்போது கிடைக்கும் அழுத்தமும் குறைகிறது. ரிங் தேய்ந்த பழைய எஞ்சினுக்கு இது இரட்டைச் சுமை.

இனி உங்கள் வானுக்கு வருவோம். அன்று காலையில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது சைலன்சரிலிருந்து என்ன வந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்திருந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று அர்த்தம். அதாவது சூடு போதவில்லை. முதலில் ஹீட்டர் பிளக்குகளைச் சந்தேகிக்க வேண்டும். புகையே வராமல் எஞ்சின் நன்றாகச் சுற்றியிருந்தால் டீசல் போய்ச் சேரவில்லை: பில்டரில் தண்ணீர் இருக்கலாம், குழாயில் எங்கோ காற்று இழுக்கலாம், பம்பில் உள்ள மின்வால்வு திறக்காமல் இருக்கலாம். எஞ்சின் சுற்றுவதே இழுத்து இழுத்து மந்தமாக இருந்திருந்தால் பற்றரி, அதன் முனைகள், எர்த் வயர், ஸ்டார்ட்டர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். வெயில் வந்த பிறகு தள்ளியதும் பிடித்துவிட்டது என்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் டீசலில் குறை இருக்க வாய்ப்புக் குறைவு. ஹீட்டர் பிளக், பற்றரி இரண்டுமே குறையாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒன்று மட்டும் குறையாக இருந்தால் மற்றது ஓரளவு ஈடுகட்டியிருக்கும்.

ஹீட்டர் பிளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் அதிகம் கைவிடப்பட்ட பாகம் இதுதான். 'இந்த வெக்கைக்கு ஹீட்டர் எதற்கு' என்று சொல்லி, பிளக்குகளுக்கு மின்சாரம் விடும் ரிலேயின் வயரைக் கழற்றிவிட்ட வான்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டாஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு எரிந்து அணைகிறதே, வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்பார்கள். இல்லை. பழைய வான்களில் அந்த விளக்கை ஒரு டைமர்தான் எரித்து அணைக்கிறது. நான்கு பிளக்குகளும் செத்திருந்தாலும் அது அழகாக எரிந்து அணையும்.

சோதிக்கக் கராஜுக்குப் போக வேண்டியதில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது முன் சீற்றைத் தூக்குங்கள். நான்கு பிளக்குகளின் தலைகளையும் இணைத்து ஒரு தட்டையான உலோகப் பட்டி ஓடும். அதைப் பிடித்திருக்கும் சின்ன நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு சிரட்டையில் போடுங்கள். கீழே விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு. பட்டியை எடுத்த பிறகு, 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் பூட்டி, ஒரு வயரைப் பற்றரியின் பிளஸ் முனையில் கொழுவிவிட்டு, மற்ற வயரின் நுனியால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே கம்பி அறாமல் இருக்கிறது. எரியாவிட்டால் அந்தப் பிளக் முடிந்துவிட்டது. பல்பு எரிந்தாலும் நுனி சரியாகச் சூடேறுகிறதா என்பது இதில் தெரியாது. சந்தேகமான பிளக்கைக் கழற்றி, இடுக்கியால் பிடித்துக்கொண்டு, தடித்த வயரால் நேரே பற்றரியில் கொடுத்துப் பார்த்தால் சில வினாடிகளில் நுனி சிவக்க வேண்டும். நுனிக்கு மேலே நடுப்பகுதி மட்டும் சிவந்தால் அதுவும் மாற்ற வேண்டியதுதான்.

பிளக்குகள் சரியாக இருந்தால் பட்டியைத் திரும்பப் பூட்டி, அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். இப்போது பல்பின் ஒரு வயரை எஞ்சின் உலோகத்திலும் மற்றதைப் பட்டியிலும் வைத்து, இன்னொருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். பல்பு எரியவில்லையென்றால் ரிலே, பியூஸ், அல்லது யாரோ கழற்றிவிட்ட வயர்.

புதுப் பிளக் வாங்கும்போது பழைய பிளக்கின் உடலில் பொறித்திருக்கும் வோல்ட் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். ஒரே எஞ்சினுக்கு வெவ்வேறு வோல்ட் பிளக்குகள் கடையில் கிடைக்கும். நீளமும் மரையும் ஒன்றாகவே இருக்கும். 6 வோல்ட் பிளக்கை நேரே 12 வோல்டில் கொடுத்தால் சில வினாடிகளில் எரிந்துபோகும். நுனி உருகி அறைக்குள் விழுந்தால் பிளக்கின் விலையோடு போகாது, எஞ்சினையே திறக்க வேண்டிவரும். நான்கையும் ஒரே வகையாக ஒரே நேரத்தில் மாற்றுவது நல்லது. பல வருடங்களாகக் கழற்றாத பிளக் இறுகிக் கிடக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது மெதுவாகத் திருப்புங்கள். முறுக்கி உடைத்தால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் மிச்சத்தை எடுப்பது கடினம்.

அடுத்தது பற்றரி. பற்றரியைக் குளிர்தான் கொல்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். கொல்வது நம் வெயில்தான். ஈயப் பற்றரி சூட்டில் வேகமாகக் கிழடாகும். அது இருக்கும் இடத்தின் வெப்பநிலை 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் பற்றரி என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் வற்றுகிறது, உள்தகடுகள் அரிக்கின்றன. குளிர் செய்வது வேறு. உள்ளே நடக்கும் இரசாயன வேலையை அது மந்தமாக்குகிறது. 0 பாகையில் நல்ல பற்றரிகூடத் தன் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் தரும். அதே நேரத்தில் ஒயில் தடித்து, எஞ்சினைச் சுற்ற அதிக பலம் தேவைப்படுகிறது. ஆவணியில் வெயில் தின்ற பற்றரி தை மாதத்தில் நுவரெலியாவில் கையை விரிப்பது இப்படித்தான்.

இரவு முழுக்க வானை நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் எதையும் போடாமல் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. பிறகு ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளக்க வேண்டும். இதுதான் உண்மையான சோதனை. நம் ஊர்ச் சூட்டிலேயே 9.6 வோல்டுக்குக் கீழே விழுந்தால் அந்தப் பற்றரியை நம்பி மலை ஏற வேண்டாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. மூடி திறக்கும் பற்றரியாக இருந்தால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு அறையையும் பாருங்கள். முழுச் சார்ஜில் 1.265 அளவில் இருக்க வேண்டும். ஐந்து அறைகள் ஒன்றுபோல் இருந்து ஆறாவது மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் எத்தனை முறை சார்ஜ் ஏற்றினாலும் பயனில்லை.

புதுப் பற்றரிக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் வயர்களைப் பாருங்கள். கடலும் வாவியும் சூழ்ந்த நம் ஊரில் உப்புக் காற்று எந்த உலோக முனையையும் விட்டுவைப்பதில்லை. ஸ்டார்ட்டரைச் சில வினாடிகள் சுற்றிவிட்டு உடனே பற்றரி முனைகளையும், எஞ்சினிலிருந்து சேசிக்குப் போகும் எர்த் வயரின் இரு நுனிகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கே மின்சாரம் தடைபட்டு வீணாகிறது. கழற்றி, அப்பச்சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள். எர்த் வயர் உள்ளே பச்சை பூத்திருந்தால் புதிதாகப் போடுங்கள். பற்றரி மாற்றியும் தீராத பல குறைகள் இந்த ஒரு வயரால் தீர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

ஒயில் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். 15டபிள்யூ-40 ஊற்றுகிறீர்கள் என்றால் நுவரெலியாவுக்கு அது தாராளமாகப் போதும். அந்த ஒயில் உறைநிலைக்கு எவ்வளவோ கீழேயும் எஞ்சினைச் சுற்றவிடும் என்று சோதித்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். ஒற்றை எண் கொண்ட 40ஆம் நம்பர் ஒயில் ஊற்றி வைத்திருந்தால் மட்டும் மாற்றுங்கள், அது குளிரில் பாகாகிவிடும். கனடாவில் இருக்கும் உறவினர்கள் 0டபிள்யூ-20 நல்லது என்று சொல்வார்கள். அவர்களுடைய காருக்கும் அங்கத்தைய உறைபனிக்கும் அது சரி. தேய்ந்த 3எல் எஞ்சினுக்கு அந்த மெல்லிய ஒயில் ஆகாது.

மண்ணெண்ணெய் கலக்கவே வேண்டாம். உங்கள் டீசல் பம்பின் உள்பாகங்களுக்கு வழுக்கல் கொடுப்பது டீசல்தான், வேறு ஒயில் அதற்குள் ஓடுவதில்லை. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கல் தன்மை குறைவு. அதே டீசலில் நுவரெலியா லொறிகளும் வான்களும் வருடம் முழுக்க ஓடுகின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள். எரிபொருள் பக்கம் நீங்கள் செய்ய வேண்டியது, மாரிக் காலத்தில் பில்டரின் அடியில் சேரும் தண்ணீரைத் திறந்துவிட்டு, மேலே இருக்கும் கைப்பம்பை அது இறுகும்வரை அமுக்குவது மட்டுமே.

காற்று போகும் குழாயில் தீப்பந்தம் காட்டுவது, ஈதர் ஸ்பிரே அடிப்பது இரண்டும் ஆபத்து. ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும்போது ஈதர் உள்ளே போனால் நேரம் தவறி வெடிக்கும். பிஸ்டன் உடையலாம், உங்கள் முகத்துக்கும் தீ வரலாம்.

எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெக்கையான ஊர் என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் கராஜ்களில் பரவலாக இருக்கிறது. உங்கள் வானிலும் இல்லாமல் இருக்கலாம். அது இல்லாத எஞ்சின் மலைக்குளிரில் உரிய சூட்டுக்கு வரவே மாட்டாது. டீசல் கூடக் குடிக்கும், சிலிண்டர் விரைவில் தேயும். பல டொயோட்டா எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு பக்கவழியை மூடும் வேலையையும் செய்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். செங்கலடியில் திரும்பி ஏ5 வீதியால் மகாஓயா, பிபிலை, பசறை, பதுளை என்று ஏறும்போது, குளிர்ச்சிக்காகக் கழற்றிய அதே காரணத்தால் எஞ்சின் கொதிக்கும். புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டுக் கூலன்ட்டும் ஊற்றுங்கள்.

நுவரெலியாவில் இரவு நிறுத்தும்போது முடிந்தால், தள்ளி எடுக்க வேண்டி வந்தால் உதவும்படி முன்பக்கம் சரிவை நோக்க நிறுத்தி, கல் வைத்து, கை பிரேக்கும் போடுங்கள். பிள்ளைகள் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுச் செட்டைப் போட்டுக்கொண்டு இருந்தால் காலையில் பற்றரி இருக்காது, கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். காலையில் விளக்கு, செட், விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திறப்பை ஹீட்டர் நிலைக்குத் திருப்புங்கள். விளக்கு அணைந்ததும் திறப்பைப் பின்னால் எடுத்து, மறுபடியும் ஒரு முறை சூடேற்றுங்கள். கிளட்சை முழுவதும் மிதித்தால் கியர் பெட்டியின் தடித்த ஒயிலைச் சேர்த்துச் சுற்ற வேண்டியிராது. அக்சிலரேட்டரைப் பாதியளவு மிதித்துக்கொண்டு 10 வினாடிகள் சுற்றுங்கள். பிடிக்காவிட்டால் ஒரு நிமிடம் ஸ்டார்ட்டரை ஆறவிட்டு, சூடேற்றுவதிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். பிடித்தவுடன் உறும விடாதீர்கள். சத்தம் சீரானதும் ஓரிரு நிமிடத்தில் புறப்பட்டு, எஞ்சின் சூடேறும்வரை மெதுவாக ஓட்டுங்கள். நின்ற இடத்தில் நீண்ட நேரம் ஓடவிடுவதால் நன்மை இல்லை.

குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு வானுக்குள் யாரும் தூங்கக் கூடாது. புகையில் வரும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். டிரைவர்கள்தான் பெரும்பாலும் வானில் படுக்கிறார்கள், ஆகவே இதை உங்களுக்கே சொல்கிறேன். மூடிய கராஜுக்குள் எஞ்சினைச் சூடேற்றுவதும் அதே ஆபத்து.

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்ஜெக்ஷன் எஞ்சினாக இருந்தால் அக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். திறப்பை ஒரு நிலை திருப்பி, பெட்ரோல் பம்ப் இரண்டு வினாடி ஓடவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைக் கணினியே முடிவுசெய்யும். குளிரில் மட்டும் தகராறு செய்தால் தண்ணீர் வெப்பநிலை சென்சரைப் பாருங்கள். காபரேட்டர் கார் என்றால் சோக்கை இழுக்க வேண்டும். இங்கே வருடக் கணக்கில் இழுக்காததால் அதன் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கும், புறப்படுவதற்கு முன் எண்ணெய் விட்டு அசைத்துப் பாருங்கள். ஹைபிரிட் கார்களில் எஞ்சினைச் சுற்றுவது பெரிய பற்றரி என்றாலும், கார் விழிப்பதற்கே சின்ன 12 வோல்ட் பற்றரி வேண்டும். அது செத்தால் எதுவும் நடக்காது. அந்தச் சின்னப் பற்றரியிலிருந்து டீசல் வானுக்கு ஜம்ப் (கேபிள் பூட்டி மின்சாரம்) கொடுக்கச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள்.

தடித்த ஜம்ப் கேபிள் ஒன்றை வானில் எப்போதும் வைத்திருங்கள். சிவப்பு வயரை முதலில் செத்த பற்றரியின் பிளஸ்ஸிலும், பிறகு நல்ல பற்றரியின் பிளஸ்ஸிலும் பூட்டுங்கள். கறுப்பு வயரை நல்ல பற்றரியின் மைனஸில் பூட்டி, அதன் மறுநுனியை உங்கள் எஞ்சினின் வெறும் உலோகத்தில், பற்றரியிலிருந்து தள்ளிக் கொழுவுங்கள். பற்றரியிலிருந்து வரும் ஐதரசன் வாயு கடைசித் தொடுகையின் பொறியில் பற்றக் கூடும். உதவிக்கு வந்த வாகனத்தைச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பிறகே உங்கள் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். எஞ்சின் பிடித்ததும், பூட்டிய வரிசையின் தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள்.